ஆங்கிலத்துக்கு இறங்காதவள்

அவள் எங்கள் வீட்டை விட்டுப் போய் வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நல்ல பெண், மரியாதை தெரிந்த பெண், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிற பெண் என்று என் வீட்டுக்காரர் இப்போதும் சொல்வார். சொல்லட்டும். அவருக்கென்ன, காலையில் ரிச்சர்ட்சனில் இருக்கிற ஆபீசுக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்து வருகிறவர். வீட்டில் அவளோடு மல்லுக்கட்டியது நான்.

அயர்லாந்துக்காரி. அந்த நாட்டின் மேற்குக் கரையில் ஏதோ ஒரு கடலோரக் கிராமம். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். கலாச்சாரப் பரிமாற்றம் என்று ஒரு ஃபெலோஷிப் கிடைத்து, ஒரு கல்வியாண்டுக்கு டெக்சாஸ் வந்தாள். என் மகள் படித்துக்கொண்டிருந்த கல்லூரியில் ஐரிஷ் மொழி சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுதான் வேலை. "ஐரிஷ்னு தனியா ஒரு பாஷையா? அவங்க இங்கிலீஷ்தானே பேசுவாங்க?" என்று அவள் வந்த அன்றே என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவள் பக்கத்தில்தான் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். தமிழில்தானே கேட்கிறோம் என்ற தைரியம். இங்கிலீஷ் என்ற ஒரு சொல்லை வைத்தே முழுக் கேள்வியையும் பிடித்துக்கொண்டு ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், அப்போதே தெரிந்துவிட்டது, இது லேசான ஆள் இல்லை என்று.

அவளைத் தங்கவைக்க ஒரு குடும்பம் தேவை என்று கல்லூரியிலிருந்து ஈமெயில் வந்ததாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவர் சரி என்று பதில் போட்டுவிட்டார்.

"யாரக் கேட்டு ஓகே சொன்னீங்க?"

"மேல் ரூம் சும்மாதானே கெடக்கு. சஃபியாவுக்கும் ஒரு கம்பெனி."

"அவளுக்குக் கம்பெனி, உங்களுக்கு நல்ல பேரு. எனக்கு?"

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். காப்பெல் என்ற இந்த ஊரில் வீட்டை வாங்கும்போதும் இதே கதைதான், கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்துதான் சொன்னார்.

சஃபியா எங்கள் ஒரே மகள். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். உம்மா, வாப்பா என்ற இரண்டைத் தவிர அவள் வாயில் தமிழ் கிடையாது. அவள் ஒரு நாளாவது என்னோடு உட்கார்ந்து, என் மொழியில், வாய் ஓயாமல் பேசவேண்டும் என்பது எனக்கு ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, ஏக்கம் பிடித்துக் கிடந்தேன். மெட்ராஸ் மண்ணடியில் என் லாத்தாவின், அதாவது அக்காவின், மகள்கள் தங்கள் உம்மாவை எதிர்த்து எதிர்த்து வாயாடுவதை வீடியோ காலில் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். போனைக் கட் பண்ணிவிட்டு அந்த ஆத்திரத்தை சஃபியாமேல் காட்டுவேன்.

மொழிப் பாடம் ஒன்று எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தில், நேரம் தோதாக இருக்கிறதென்று சஃபியா அந்த ஐரிஷ் வகுப்பில் சேர்ந்தாள். "ஈஸி ஏ கிரேடு, உம்மா," என்றாள். பாவம், அவளுக்குத் தெரியாது.

வகுப்பில் சேர்ந்த அன்று மாலையே அந்தப் பெண் சஃபியாவோடு ஆங்கிலத்தை நிறுத்திவிட்டாள். என்னோடு ஆங்கிலம், இவரோடு ஆங்கிலம், சஃபியாவோடு மட்டும் ஐரிஷ். வகுப்போடு விட்டாளா? இல்லை. சமையலறையில், மாடிப்படியில், காரில், எங்கே பார்த்தாலும் அதுதான். சஃபியா ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் காதே கேட்காதவள் மாதிரி நிற்பாள். ஒரு சொல் புரியவில்லை என்றால் மறுபடி சொல்வாள். அப்படியும் புரியாவிட்டால் மாடி ஏறிப் போய் அந்தப் பொருளையே எடுத்து வந்து காட்டுவாள். ஈரம் என்று சொல்லிக்கொடுக்கக் குழாயில் கையை நனைத்து சஃபியாவின் முகத்தில் தெளித்தாள். ஆங்கிலத்தில் சொன்னால் ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்கு அவள் இறங்கி வரமாட்டாள்.

"உம்மா, ஷீ இஸ் கிரேஸி," என்று சஃபியா என்னிடம் வந்து அழுதாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நல்லா வேணும், நான் இத்தனை வருஷம் உன்கிட்ட பட்டதை நீ கொஞ்சம் படு என்று நினைத்தேன்.

வகுப்பில் பாதிப் பேர் முதல் மாதத்திலேயே ஓடிவிட்டார்கள். கல்லூரியில் கூப்பிட்டு, கொஞ்சம் ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்லலாமே என்று சொல்லிப் பார்த்தார்களாம். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, மறுநாளும் அதையே செய்தாள். எனக்கு அதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அடங்காப்பிடாரி என்று தமிழில் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அழகான சொல் என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

ஒருமுறை சஃபியாவுக்கு நல்ல காய்ச்சல். நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், மேலே பிள்ளை அழுகிற சத்தம். "ஜஸ்ட் ஸ்பீக் இங்கிலீஷ், ப்ளீஸ்!" என்று கெஞ்சுகிறாள். ஓடினேன். அந்தப் பெண் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஈரத் துணியால் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக ஐரிஷில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! நோயாளியிடம் கூடவா உன் பாடம், நீ மனுஷியா என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அவள் எழுந்திருக்கவே இல்லை.

"தண்ணீர் கொடுத்துவிட்டேன். மாத்திரை கொடுத்துவிட்டேன். அவளுக்கு எதுவும் குறையவில்லை," என்று என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள். மறுபடி சஃபியா பக்கம் திரும்பி ஐரிஷ்.

அன்றைக்கே வீட்டை விட்டு அனுப்பியிருக்க வேண்டும். இவர்தான் வந்து, "பாவம், தெரியாத ஊர்ல எங்க போவா?" என்று என் வாயை அடைத்தார்.

எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போனது டீயில் மட்டும். இந்த ஊர்க்காரர்கள் குடிக்கிற சுடுதண்ணீரை அவளாலும் குடிக்க முடியாது. கறுக்கக் காய்ச்சி, பால் விட்டு, கை சுடச் சுடக் குடிக்கவேண்டும். சாயங்காலம் நான் டீ போட்டால், கூப்பிடாமலே இறங்கி வந்து சமையலறை மேடையில் சாய்ந்து நிற்பாள். இவர் வீட்டுக்குள் நுழையும்போது சலாம் சொல்வதையும், நான் பதில் சொல்வதையும் கவனித்துவிட்டு ஒருநாள் கேட்டாள், பதில் ஏன் நீளமாக இருக்கிறது என்று. வந்த சலாமைவிட நல்லதாகத் திருப்பிச் சொல்லவேண்டும், அதுதான் முறை என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம். கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்று ஒருவர் சொன்னால், கடவுளும் மரியாவும் உன்னோடு இருக்கட்டும் என்று பதில் சொல்லவேண்டுமாம். வாங்கினதற்கு மேல் ஒன்று சேர்த்துக் கொடுக்கவேண்டும். "மர்யமா? எங்களுக்கும் அவங்க பெரிய மனுஷிதான்," என்றேன். இப்படிச் சில சாயங்காலங்களில் அவளை எனக்குப் பிடித்தும் இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கல்லூரியில் கலாச்சார நாள் கொண்டாடியபோதும் பிடித்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மேசை. இந்தியா மேசையில் மருதாணி போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அயர்லாந்து என்றால் இதுதான் என்று அவளிடம் ஒரு பச்சைத் தொப்பியைக் கொடுத்து, கொஞ்சம் ஆடிக் காட்டச் சொன்னார்கள். எனக்கு ஆடத் தெரியாது, நான் டீச்சர் என்றாள். சும்மா இரண்டு குதி குதித்தால் போதும் என்று பொறுப்பாளர் அம்மாள் சிரித்தார். தொப்பியை மேசைக்கு அடியில் எறிந்துவிட்டு, பலகையில் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதிவைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தாள். எல்லாரும் ஆசையாகச் சொல்லிப் பழகினார்கள். கடைசியில்தான் அர்த்தம் சொன்னாள், கழிப்பறைக்குப் போக எனக்கு அனுமதி உண்டா என்று.

"எங்கள் நாட்டில் பள்ளிக்கூடம் முழுக்க ஐரிஷ் படிக்கிறார்கள். கடைசியில் பெரும்பாலானவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம்தான் நினைவிருக்கும். இதுதான் எங்கள் கலாச்சாரம். வேண்டுமா?" என்று கேட்டாள். கோபத்தில்தான். அந்தப் பச்சைத் தொப்பி கொடுத்தவர்களை இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று எனக்கு இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போதுதான் கேட்டேன். ஒரு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னால் என்ன குடியா முழுகிவிடும்?

அவளுக்கு ஒரு அண்ணன். சின்ன வயதில் இரண்டு பேரும் ஐரிஷிலேயே அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். அவன் வெளியூரில் வேலைக்குப் போய், ஐரிஷ் தெரியாத பெண்ணைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தான். அண்ணி வருத்தப்படக் கூடாதே என்று அன்று சாப்பாட்டு மேசையில் எல்லாரும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். அண்ணி தூங்கப் போன பிறகும் அண்ணனும் தங்கையும் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றோடு சரி.

"இப்போது அவனைப் பார்த்தால் எனக்கு ஐரிஷ் வராது. அவனுக்கும் வராது. தெரியாமல் இல்லை. கூச்சம். உடம்பெல்லாம் கூசுகிறது. ஒருவரிடம் ஒரு மொழியில் பழகிவிட்டால் அப்புறம் மாற்றவே முடியாது. அதனால்தான் நான் முதல் நாளே இறங்குவதில்லை," என்றாள்.

நான் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்தக் கூச்சத்தை அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சஃபியாவுக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் அவள் தலையைத் தடவி, "என் கண்ணு, என் தங்கம்" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் பதறிப்போய், "வாட் ஹாப்பண்ட்?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒன்றுமில்லை, ஹோம்வொர்க் முடித்தாயா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

குளிர்காலம் முடிவதற்குள் சஃபியா பதில் பேச ஆரம்பித்துவிட்டாள். முதலில் ஒன்றிரண்டு சொல். அப்புறம் துண்டு துண்டாக வாக்கியம். அப்புறம் சிரிப்பு. என் வீடு, என் மேசை, நான் ஆக்கின மீன் குழம்பு. அதைத் தின்றுகொண்டு இரண்டு பேரும் எனக்குத் தெரியாத மொழியில் கெக்கே பிக்கே என்று சிரிக்கிறார்கள்! நான் எதிரில் தட்டை வைத்துக்கொண்டு ஊமைச்சி மாதிரி உட்கார்ந்திருப்பேன். பெற்று வளர்த்தவளிடம் திறக்காத வாய், நேற்று வந்த ஒருத்தியிடம் திறந்துவிட்டது. வயிறு எரியாமல் என்ன செய்யும்? "சாப்பிடும்போது என்ன பேச்சு? வாய மூடிட்டுத் தின்னு!" என்று சஃபியாவிடம் எரிந்து விழுவேன். அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு, என் உதடு அசைவதையே பார்ப்பாள். அப்புறம் மாடிப்படி ஏறும்போது தனக்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு போவாள். ஏதோ ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

மார்ச்சில் ஒரு சாயங்காலம் சூறாவளி சைரன் ஊதியது. வானம் பச்சையாகிவிட்டது. இவர் ஆபீசில் மாட்டிக்கொண்டார். வீட்டில் நாங்கள் மூன்று பேர். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறைக்குள், பெட்டிகளுக்கும் வேக்குவம் கிளீனருக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டோம். சஃபியாவுக்குப் பயம். எனக்கும்தான். பயம் வந்தால் எனக்குத் திட்டு வரும். "சைரன் கேட்டா ஒடனே வரணும்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்? ஜன்னல்ல என்ன வேடிக்க? செருப்பு எங்க? போன்ல சார்ஜ் இருக்கா? ஒரு வேலைக்கு ஒதவுவியா நீ?" நிறுத்த முடியவில்லை. சஃபியா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் அவள் காதோரம் குனிந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் சஃபியா தலையைத் தூக்கி என்னவோ கேட்டாள். அவள் பதில் சொன்னாள். சஃபியா சிரித்தாள். வெளியே வேலி பிய்ந்து விழுகிற சத்தம், உள்ளே என் மகள் சிரிக்கிறாள்.

"என்ன சொல்கிறாய் அவளிடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"எங்கள் ஊரில் ஒரு ஆடு சர்ச் கூரைமேல் ஏறிவிட்டது. அதைச் சொல்கிறேன்."

காற்று அடங்கி வெளியே வந்ததும் இரண்டு ரக்அத் தொழுதேன். தொழுகையிலும் அந்த ஆடுதான் நினைவில் நின்றது. அந்த இருட்டில் என் பிள்ளையைச் சிரிக்கவைக்க வேண்டியது நான். என்னிடம் ஒரு ஆட்டுக் கதை இல்லையா? ஆயிரம் இருந்தது.

அடுத்த மாதம் நோன்புப் பெருநாள். வருடா வருடம் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. ரிச்சர்ட்சனிலிருந்து பள்ளிவாசல் சிநேகிதர்கள், காப்பெல் தமிழ்க் குடும்பங்கள், ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு டாக்டர் அங்கிள். அங்கிள் பெரிய மனிதர். தமிழ்ச் சங்கத்தில் தலைவராக இருந்தவர், வாரக் கடைசியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தியவர். பிரியாணி, தாளிச்சா, வட்டிலப்பம் எல்லாம் முடிந்து, எல்லாரும் ஹாலில் சாய்ந்திருந்த நேரம்.

"இந்தப் பொண்ணு லாங்குவேஜ் டீச்சராமே?" என்றார் அங்கிள். "எட்டு மாசம் தமிழ் வீட்ல இருந்திருக்கா. கொஞ்சமாவது தமிழ் வந்திருக்கணுமே!" பிறகு அவளிடம் ஆங்கிலத்தில், தமிழில் எதையாவது பேசிக் காட்டு, கேட்போம் என்றார்.

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எழுந்து நின்றாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டு, அங்கிளைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"எத்தன தடவ சொல்றது? காது என்ன செவிடா? ஒன்னப் பெத்ததுக்கு ஒரு அம்மிக்கல்லப் பெத்திருந்தா தொவையலாவது அரைச்சிருக்கலாம்! எந்திரி! மூஞ்சியப் பாரு, முசீபத்து!"

உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. ஏற்ற இறக்கம், இழுவை, கடைசியில் நான் உச்சுக்கொட்டுகிற சத்தம் உட்பட எல்லாம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது நான்தான்.

அங்கிள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அசல் மெட்ராஸ் உம்மா வாய்ஸ்ங்க!" என்றாள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். சஃபியா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காலித் தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். என் முகம் எரிந்தது.

எல்லாரும் கிளம்பினார்கள். சஃபியாவின் வாப்பா கடைசிக் குடும்பத்தை வழியனுப்ப கார்வரை போனார். அந்தப் பெண் சமையலறைக்கு வந்து, வழக்கம்போல் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

"என்னை அவமானப்படுத்தத்தான் இதைக் கற்றாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவள் நிஜமாகவே விழித்தாள். தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டாள். அது திட்டு, அத்தனையும் திட்டு, ஒரு பெரிய மனிதரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது என்றேன்.

அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "எனக்கு அர்த்தம் தெரியாது. கேட்டதை அப்படியே பழகினேன். தமிழ் என்றால் இப்படித்தான் ஒலிக்கும் என்று நினைத்துவிட்டேன்," என்றாள். பிறகு, "இந்த வீட்டில் வேறு மாதிரித் தமிழ் நான் கேட்கவே இல்லையே," என்றாள்.

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். வெள்ளை மனசோடு சொன்னாள். அதுதான் என்னைக் கொளுத்திவிட்டது.

ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தேன். நீ உன் மொழியைப் பேச அரசாங்கம் உன்னை விமானம் ஏற்றி அனுப்புகிறது, உனக்கு என்ன தெரியும் என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் ஆங்கிலம் தீர்ந்துவிட்டது. தமிழில் கொட்டினேன். அவளுக்கு ஒரு எழுத்து புரியாது என்று தெரிந்தும் கொட்டினேன்.

"வேற தமிழ் இல்லையா? இருந்துச்சுடி! கத கதயா இருந்துச்சு, தாலாட்டா இருந்துச்சு! மூணு வயசு வரைக்கும் எம்புள்ளைக்கு அத்தனையும் தமிழ்லதான். அவளுக்குப் பேச்சு லேட்டுன்னு டேகேர்ல பயமுறுத்துனாங்க. கூட்டிட்டுப் போய்க் காட்டுனா, டாக்டரம்மா என்ன சொன்னா தெரியுமா? புள்ளைய ரெண்டு பாஷையில கொழப்பாதீங்க, ஒண்ண நிறுத்துங்கன்னா. எத நிறுத்துறது? இங்கிலீஷையா? டெக்சாஸ்லயா? தமிழ நிறுத்துனேன். கொஞ்சுறத நிறுத்துனேன், கதைய நிறுத்துனேன். எனக்கே சரியா வராத இங்கிலீஷ்ல, டிவி பாத்துக் கத்துக்கிட்ட இங்கிலீஷ்ல எம்புள்ளையக் கொஞ்சுனேன். கோவத்த மட்டும் நிறுத்த முடியல. கோவம் வந்தா தமிழ்தான் வரும், நான் என்ன பண்ணுவேன்? அது ஒண்ணுதான் மிச்சம்! அதையும் நீ வந்து பத்துப் பேர் முன்னாடி..."

அந்தப் பெண்ணின் கண் என்னைத் தாண்டி வாசல் பக்கம் போனது. திரும்பினேன். மிச்சத் தட்டுகளோடு சஃபியா நின்றுகொண்டிருந்தாள். இவளுக்குத்தான் எல்லாம் புரியுமே.

"யூ ஸ்டாப்ட்?" என்றாள். "ஆன் பர்பஸ்?"

"ஒனக்காகத்தான்டி."

தட்டுகளை மேசைமேல் போட்டாள். போட்ட வேகத்தில் ஒன்று உடைந்தது. பிறகு அவள் வாயிலிருந்து வந்தது, என் தலையில் அடித்த மாதிரி, தமிழ்.

"எனக்காகவா? எவளோ ஒருத்தி சொன்னா, நீ கேட்டியா? மூளை இருக்கா ஒனக்கு? சொல்லு! வாயில என்ன கொழுக்கட்டையா?"

என் உம்மாவிடம் நான் இப்படிப் பேசியிருந்தால் கன்னம் பழுத்திருக்கும். எனக்குக் கை ஓங்கவே இல்லை. "மரியாதையாப் பேசுடி!" என்று கத்தினேன். "என்ன மரியாத? என்ன மரியாத?" என்று அவள் திருப்பிக் கத்தினாள். சத்தம் ஏறியது. அந்த அயர்லாந்துக்காரி குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு, குப்பைப் பையைக் கட்டி எடுத்துக்கொண்டு, பின் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போய்விட்டாள். கார்வரை போன மனிதரையும் அவள்தான் வெளியிலேயே பிடித்து நிறுத்திவைத்தாள் என்று பிறகு தெரிந்தது.

"ஒனக்கு என்னப் பிடிக்காதுன்னு நெனச்சேன்," என்றாள் சஃபியா. தடுக்கித் தடுக்கி, சொல்லைத் தேடித் தேடிச் சொன்னாள். "தமிழ்னா நீ கத்துவ. எப்பவும் கத்துவ. நான் என்ன பண்ணேன்னு நான் நெனப்பேன். சின்னப் புள்ளைல. நான் என்ன, என்ன..."

சொல் கிடைக்கவில்லை. உதட்டைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. கையை உதறினாள். "ஃபர்கெட் இட். ஐ கான்ட். யூ நெவர்..."

ஓகே, டெல் மீ இன் இங்கிலீஷ் என்று என் வாய்வரை வந்துவிட்டது. எத்தனையோ வருடமாக இந்த இடத்தில் நான் சொல்கிற வார்த்தை அது. இந்தத் தடவை விழுங்கினேன்.

"தமிழ்ல திட்டு," என்றேன்.

"வார்த்த தெரியல!"

"எந்த வார்த்த? கேளு, சொல்றேன். கேட்டுட்டுத் திட்டு. முழுசாத் திட்டி முடி."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"'யூ டுக் இட் ஃப்ரம் மீ'," என்றாள். "அதுக்கு என்ன?"

எனக்குத் தெரிந்த சொல்தான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"என்கிட்டேருந்து பறிச்சிட்டே," என்றேன்.

சஃபியா கிட்டே வந்து, என் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"என்கிட்டேருந்து பறிச்சிட்டே, உம்மா."